அக்கரைச் சீட்டு

ஸ்காரவே தீவின் படகுத்துறையில்
பதினாறு வருடமாகச் சீட்டு கிழிக்கிறேன்.
மனிதருக்கு வெள்ளை, வண்டிக்கு மஞ்சள்,
ஆடுமாடுகளுக்குப் பழுப்பு.
போகும்போது தலைக்கு இவ்வளவு,
வரும்போது கிலோவுக்கு இவ்வளவு.
பழுப்பில் மட்டும்
'போக வர' என்ற கட்டமே அச்சடிக்கவில்லை.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள்.
இங்கே பச்சையெல்லாம் இக்கரையில்.
கத்திதான் அக்கரையில்,
ஆறு மணி நேரக் கடலுக்கும்
நான்கு மணி நேரத் தார்ச்சாலைக்கும் அப்பால்.

ஆடு நனைகிறதே என்று அழுவதற்கு
எங்கள் தீவில் ஓநாய் கிடையாது.
அந்த வேலையையும் நானே பார்த்தேன்,
கண்ணாடிக்குப் பின்னால்,
ஹீட்டர் பக்கம் கால் நீட்டியபடி.

ஒரு நவம்பர். மூன்று நாள் காற்று.
படகு வரவில்லை.
துறைப் பட்டியில்
டோர்மட் நிக்கல்சனின் இருபத்திரண்டு செம்மறிகள்,
வாலைக் காற்றுக்குக் காட்டி.
அவன் வைக்கோலைக் கம்பி இடுக்கில் திணித்துக்கொண்டே இருந்தான்.
"நின்ற இடத்திலேயே இளைக்கிறது பார்" என்றான்.
ரேடியோ காற்றின் வேகத்தை மைலில் சொல்ல
அவன் பவுண்டில் கேட்டுக்கொண்டிருந்தான்.

கிறிஸ்துமஸுக்கு முன் பெட்டி திரும்பி வந்தது.
சொந்தத்துக்கு அவன் கேட்டிருந்தது நான்கு ஆடு.
பெட்டி மேல் அவன் பெயர்.
உள்ளே ஈரல்கள் ஆறு.
என் மேஜை மேல் வைத்து
இரண்டு தரம் எண்ணினோம்.
அவன் சிரித்தான்,
பிறகு சிரிக்கவில்லை.

மூடிக் கிடந்த சிப்பிக் கொட்டகையைக் காட்டியது
மர்டீனா மெக்ஸ்வீன்.
"தரை வாட்டம் பார்த்துப் போட்டது,
சாக்கடை இருக்கிறது, குளிர் அறை இருக்கிறது,
இல்லாதது நமக்குத் துணிச்சல்" என்றாள்.
கூட்டத்தில் விருந்தினர் விடுதிக்காரர் எழுந்து கேட்டார்:
"இரத்தமெல்லாம் எங்கே போகும்?"
"இப்போது எங்கே போகிறதாம்?" என்றாள்.
அதற்குப் பிறகு கொஞ்ச நேரம்
தேநீர்க் கெண்டிதான் பேசியது.

பங்கு ஒன்று ஐம்பது பவுண்டு.
அறுபத்தொரு வீடு.
படகுக் கம்பெனியின் சம்பளம் வாங்கும் நானும் ஒன்று,
மனைவி பெயரில்.

முதல் செவ்வாய்க்கிழமை
டோர்மட்டின் ஆடுகள் பயணம் செய்தது
பதினொரு நிமிடம்.
கதவு மூடியதும் அவன் உள்ளே போகவில்லை.
வெளியே தொப்பியைக் கழற்றினான்,
மழை என்று மறுபடி போட்டுக்கொண்டான்.
சாயங்காலம் தொங்கிய ஒவ்வொரு உடலிலும்
நீல முத்திரை, ஈரம் காயாமல்,
நடுவில் எங்கள் தீவுக்கென ஓர் எண்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன்.
தோல் வாங்க ஆளில்லை,
உப்புத் தூவி அடுக்கி வைத்திருக்கிறோம்.
குளிர் அறை ஜூலையில் இரண்டு முறை படுத்தது.
பள்ளிக்கூடத்துப் பக்கம் காற்று திரும்பினால்
மர்டீனாவுக்குக் கடிதம் வருகிறது.
பரிசோதிக்கும் மருத்துவர், டொயினா,
ருமேனியாக்காரர்,
இன்னமும் என் படகில்தான் வந்தாக வேண்டும்.
வெள்ளைச் சீட்டு. போக வர.
புயல் நாளில் இப்போது
அக்கரையில் நின்று கைக்கடிகாரம் பார்ப்பது அவர்.
ஆடு அதுபாட்டுக்குத்
தன் புல்லில் நிற்கிறது.

தலைமை அலுவலகம் கேட்டிருக்கிறது:
பழுப்புச் சீட்டு விற்பனை ஏன் சரிந்தது,
காரணம் தருக.
நான்கு நாளாய்த் தாள் மேஜையில் கிடக்கிறது.
அதன் மேலேயே இன்று ஒரு பையை வைத்துவிட்டு,
ஒன்றும் சொல்லாமல் போனான் டோர்மட்.

நான்கு ஆடு அறுத்த நாள்.
பிரித்து எண்ணினேன்.
நான்கு.
தாளின் ஓரம் நனைந்திருந்தது.
வேறு தாள் கேட்டு எழுத வேண்டும்.